மூலை வாட்டம்

கொத்தனாரோடு நான் போட்ட சண்டை தெரு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதுசாகப் போட்டுக் கொடுத்த மனுஷர், காசை வாங்கி மடியில் கட்டுவதற்கு முன்னால் நான் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் நடுவில் இருக்கிற ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூலையைப் பிடித்துக்கொண்டு போய், கதவிடுக்கில் புகுந்து, கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொத்தனார் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

"பாருங்கம்மா. இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவத்துக்கு வச்சா, நடுவுல பள்ளம். இப்படி மாத்தி வச்சாலும் நடுவுல பள்ளம். நான் வேற என்னதான் பண்றது? தண்ணிக்குத் திமிரு."

"குறுக்க வைங்க. மூலைக்கு மூலை."

"அது எதுக்கு? நீளம் பாத்தாச்சு, அகலம் பாத்தாச்சு. தரைக்கு அதுக்கு மேல என்ன இருக்கு?"

ரசமட்டத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி, கதவு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, ஓட்டையின் மேலாகவே வைத்தேன். குமிழி நடுவில் நின்றாலும், பலகையின் இரண்டு முனையும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. ஓட்டைதான் மேடு, இரண்டு மூலையும் பள்ளம். நீளவாக்கில் குழி, அகலவாக்கில் குழி, மூலைவாக்கில் முதுகு. கொத்தனார் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷத்துல மூலைவாட்டம் யாரும் கேட்டதில்லம்மா" என்றார். வாட்டம் முகத்தில் தெரிந்தது, தரையில்தான் இல்லை.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், இதே தப்பைத் திருத்தித் திருத்தித்தான் என் தலைமுடி நரைத்தது. நான் கல்லூரியில் கணக்கு வாத்தியார். இரண்டு மாறிகள் உள்ள ஒரு சார்பு எங்கே மிகக் குறைவாக இருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொன்னால், பிள்ளைகள் சரிவு பூஜ்யமாகிற இடத்தைப் பிடித்துவிடுவார்கள். அது குழியா, மேடா, இரண்டும் கெட்டானா என்று பார்க்க இரண்டாம் வகைக்கெழு எடுக்க வேண்டும். எக்ஸ் பக்கம் எடுப்பார்கள், நேர் எண். ஒய் பக்கம் எடுப்பார்கள், நேர் எண். உடனே "எனவே இது மீச்சிறு புள்ளி" என்று கொட்டை எழுத்தில் எழுதி அடிக்கோடு வேறு போடுவார்கள். அந்த இரண்டையும் பெருக்கி, அதிலிருந்து குறுக்கு வகைக்கெழுவின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். மிச்சம் நேர் எண்ணாக நின்றால்தான் குழி. எதிர்மறையாகப் போனால் அதற்குப் பெயர் சேணப்புள்ளி, குதிரைச் சேணம் மாதிரி ஒரு வாக்கில் குழி, இன்னொரு வாக்கில் முதுகு. கரடியாகக் கத்தியிருக்கிறேன். சுட்டுப் போட்டாலும் ஏறாது.

அன்று மத்தியானம் தம்பியும் அவன் பெண்டாட்டியும் சாப்பிட வந்திருந்தார்கள். நனைந்த கூடத்தை இருவரும் தாண்டிக் குதித்து வந்தார்கள். தம்பி வழக்கம்போல, "அக்கா, வீட்டுக்குள்ளேயே ஆறு ஓடுது, படகு எங்க?" என்றான். அவன் பெண்டாட்டி ஒன்றும் சொல்லாமல் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் அப்படித்தான். சரியான கல்லுளிமங்கி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னிடம் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. எனக்கு அவளைப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன். பிடிக்கும் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை, எங்கள் தெருக்கோடியில் இருக்கிற பசை ஆலையில். அங்கே ஒரு பெரிய கொதிகலன் இருக்கிறது. மூன்று மாடி உயரம்; ஆலையில் அதை அண்டா என்பார்கள். அண்டாவுக்குப் பல்லுப் பல்லாக நகர்கிற இரண்டு சக்கரம். ஒன்று நீராவியைத் திறக்கும், அது தம்பியின் கையில். இன்னொன்று கரைசலை உள்ளே விடும், அது அவன் பெண்டாட்டியின் கையில். இருவருக்கும் நடுவே ஒரு முள், அண்டா எவ்வளவு நடுங்குகிறது என்று காட்டும். அந்த நடுக்கம் தெரு முழுக்க உண்டு. என் சமையலறை அலமாரியில் இருக்கிற டம்ளர்கள் பகலும் ராத்திரியும் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று பேசிக்கொண்டே இருக்கும். இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. துணி சுற்றி வைத்துப் பார்த்தேன், அட்டை செருகிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

"இனிமே இந்தச் சத்தம் இதுக்கு மேல ஏறவே ஏறாதுக்கா" என்றான் தம்பி, டம்ளர்களைக் காட்டி. "ஆலைக்கு மாப்பிள்ளை வந்தாச்சு."

"எந்த மாப்பிள்ளை?"

"தானா ஓட்டுற மெஷினு. வந்து ஒரு மாசமா சும்மாவே உக்காந்திருக்கு. தூசி படக் கூடாது, வெயில் படக் கூடாது, ஆளாளுக்குப் போய் விசாரிக்கிறாங்க. அதான் மாப்பிள்ளைன்னு பேரு வச்சிட்டோம். நாளைக்குத்தான் ஓட்டப்போறாங்க. ரெண்டு சக்கரத்தையும் அதுவே பிடிச்சுக்கும். முள்ளு எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கம் திருப்பும். நாங்க பக்கத்துல சும்மா நின்னாப் போதும். மரியாதைக்காரர், நாம சக்கரத்துல கை வச்சா உடனே விட்டுக் குடுத்துடுவார்."

"நடுக்கம் இப்ப இருக்கறதுக்குக் கீழ போகுமா?"

"போகாதுக்கா. இப்ப நிக்கற இடம்தான் ரொம்பக் கம்மி, எல்லாம் பாத்தாச்சு. நான் ஒரு பல்லு கூட்டினாலும் முள்ளு ஏறும், குறைச்சாலும் ஏறும். இவளும் அப்படித்தான், கூட்டினாலும் ஏறும், குறைச்சாலும் ஏறும். மாப்பிள்ளை வந்து அந்த இடத்துலயே ஆடாம அசையாம உக்காந்துக்கும். முள்ளு துளிகூட ஏறாது."

சோற்றுக் கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு பேரும் ஒண்ணாத் திருப்பினா?"

தம்பி சிரித்தான். "அதெல்லாம் கிடையாது. ஒருத்தர் திருப்பினா ஒருத்தர் சும்மா இருக்கணும். சுவத்துலயே சிவப்புப் பெயிண்ட்ல எழுதியிருக்கு. நான் கை வச்சா இவ கையைக் கட்டிக்குவா. இவ கை வச்சா நான் கட்டிக்குவேன். வீட்லயும் அதே ரூலுதான். அதான் குடும்பம் ஓடுது."

அவன் பெண்டாட்டி துணியைப் பிழிந்துகொண்டே ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பிறகு மறுபடி தரையைத் துடைத்தாள். மூலையிலிருந்து தண்ணீர் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

நீளம் பார்த்தாச்சு, அகலம் பார்த்தாச்சு. சிவப்புப் பெயிண்ட்டில் எழுதிவைத்த காலத்திலிருந்து ஒருத்தர்கூட மூலைக்கு மூலை வைத்துப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதே சட்டம். அந்தச் சட்டத்தை எவன் போட்டான், எதற்குப் போட்டான் என்று கேட்டேன். தம்பிக்குத் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் அந்தச் சக்கரத்தில் நின்றவருக்கும் தெரியாதாம்.

"மாப்பிள்ளை அந்த ரூலைப் படிச்சிருக்கா?" என்றேன்.

"அதுக்கு எதுக்குக்கா ரூலு? அது மெஷினு."

சாப்பாடு யாருக்கும் இறங்காதபடி நான் பேசினேன். தட்டை எடுத்துக் கவிழ்த்து வைத்து, நிமிர்த்தி வைத்து, ஈரத் தரையில் விரலால் கோடு போட்டுச் சொன்னேன். நீராவி மட்டும் கூடினால் கொதிப்பு ஏறி அண்டா ஆடும். கரைசல் மட்டும் கூடினால் குளிர்ந்தது உள்ளே போய் முட்டி ஆடும். இரண்டும் சேர்ந்து கூடினால்? சூடும் குறையாது, இடமும் மிஞ்சாது. பாதி பாட்டிலைக் குலுக்கினால் சத்தம் வரும், கழுத்து வரை அடைத்த பாட்டிலைக் குலுக்கினால் வராது. அண்டா இறுகிப்போய்ச் சத்தமில்லாமல் நிற்கும். முள் இறங்கும். முள் இறங்கினால் மாப்பிள்ளை இன்னும் திருப்பும். இன்னும் இறங்கும், இன்னும் திருப்பும்.

"ஒருவேளை ரெண்டும் சேந்து குறைஞ்சாலும் முள்ளு இறங்கலாம். மூலை ரெண்டு இல்லையா? அந்தப் பக்கமா மாப்பிள்ளை போனா நல்லது. அண்டா ஆறிப்போய்ப் பேசாமக் கிடக்கும்."

தம்பியின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அந்தப் பக்கம் போகாதுக்கா. உற்பத்தி குறையக் கூடாதுன்னு இப்ப இருக்கற அளவுக்குக் கீழ போகவிடாமப் பூட்டிட்டாங்க."

"மேல?"

"மேல பூட்டலை."

அண்டாவின் இடுப்பில் ஒரு பழைய ஒட்டு உண்டு. அவன்தான் எப்போதோ சொல்லியிருந்தான், அதன் பக்கம் முதுகைக் காட்டி நிற்பதற்கே பிடிக்காது என்று. அண்டா வெடித்தால் முதலில் பிளக்கிற இடம் அதுதான். "லீவு போடுங்கடா ரெண்டு பேரும். நாளைக்குப் போகாதீங்க" என்றேன்.

"நாங்க நிக்கலேன்னா வேற ரெண்டு பேரு நிப்பாங்க. அவங்களுக்கும் அக்கா இருக்கும்" என்றான்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவன் பெண்டாட்டி, அன்று முதல் தடவையாக, வாயைத் திறந்தாள்.

"அண்ணி, நீங்க சொல்றது சரின்னா, அங்க நிக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முள்ளு இறங்கும். எல்லாரும் சந்தோஷமாக் கை தட்டுவாங்க. அதுதான் அடையாளம்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர்கள் போன கையோடு நான் ஆலைக்குப் போனேன். மேனேஜர் என்னிடம் படித்தவன்தான். அதனால் வாசலில் நிறுத்தவில்லை. அவன் அறை அண்டாவுக்கு நேர் கீழே, கண்ணாடிச் சுவர் வைத்து, ஜில்லென்று இருந்தது. தலைக்கு மேல் அண்டாவின் வயிறு தெரிந்தது. மேஜைமேல் இருந்த பேனாக்கள் எல்லாம் நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்திருந்தன. பேசும்போதே ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிவைத்துக்கொண்டிருந்தான்.

"மேடம், நீங்க எப்படி இங்க? டீ சொல்லட்டுமா?"

"டீ கிடக்கட்டும். நாளைக்கு அந்த மெஷினை ஓட்டாத."

அவன் திரையில் இரண்டு வளைகோடுகளைக் காட்டினான். ஒன்று நீராவிக்கு, ஒன்று கரைசலுக்கு. இரண்டும் அழகாக வாயைத் திறந்து மேலே பார்த்தன. நீராவி மட்டும் ஒரு பல் நகர்ந்தால் முள் ஒரு கோடு ஏறுகிறது. கரைசல் மட்டும் ஒரு பல் நகர்ந்தாலும் ஒரு கோடு ஏறுகிறது. அப்படியே கணக்குப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி. "ரெண்டு பக்கமும் ஏறுது மேடம். குழிதான். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

"நான் சொல்லிக் குடுத்தது மூணு. நீ எழுதினது ரெண்டு. அப்பவும் பாதி எழுதிட்டு முழு மார்க் குடுங்கன்னு ஸ்டாஃப் ரூம் வாசல்ல வந்து நின்ன. குறுக்கு வகைக்கெழு எங்கடா?"

அவனுக்குக் காது சிவந்தது. வெளியே யாராவது கேட்டார்களா என்று கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டான்.

"ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணா நகர்த்தினாத்தான் மேடம் அந்த அளவு கிடைக்கும். அதுக்கு ரூல் இடம் குடுக்காது."

"மெஷின் மட்டும் ஒண்ணா நகர்த்தலாமா?"

"ரூல் மனுஷங்களுக்கு மேடம். ஆளுங்க சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் திருப்பிடுவாங்கன்னு போட்டது. மெஷின் சண்டை போடாது."

"சரி. ஒரே ஒரு பல்லு. ரெண்டு பேரும் சேந்து ஒரு பல்லு கூட்டட்டும், முள்ளைப் பாரு, உடனே திருப்பிடட்டும். அது போதும், மிச்சத்தை நான் மனசுலயே போட்டுச் சொல்றேன்."

"நானே ரூலை மீறச் சொன்னேன்னு வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். உங்ககிட்ட ஏதாவது நம்பர் இருக்கா மேடம்? இருந்தாக் குடுங்க, நிறுத்திடறேன்."

நம்பர் என்னிடம் எப்படி இருக்கும்? நம்பரை எடுக்க ஒரே வழி சக்கரத்தைத் திருப்புவதுதான். அதைத்தான் மாட்டேன் என்கிறான். நான் அங்கே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "படுபாவி, ஒரு பல்லுடா" என்றேன். அவன் எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மரியாதையாகத்தான். பேனா ஒன்று மேஜையிலிருந்து விழுந்து உருண்டது.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன், அது பொய்யும் இல்லை. சமையலறையில் நாற்காலியைப் போட்டு, அலமாரிக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். டம்ளர்கள் எப்போதும்போல் கிணுகிணுத்தன. அதைப் போய் எவ்வளவு திட்டியிருக்கிறேன். இப்போது அந்தச் சத்தத்தின் மேலேயே காதை வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

முதலில் ஓரத்து டம்ளர் நின்றது. அதற்குப் பக்கத்தில் இருந்தது இன்னும் கொஞ்சம் முனகிற்று.

போன் அடித்தது. மேனேஜர். அவன் குரலுக்குப் பின்னால் கைதட்டல் கேட்டது.

"மேடம்! மாப்பிள்ளை சக்கரத்தைத் தொட்டாச்சு. ரெண்டையும் ஒவ்வொரு பல்லு கூட்டிச்சு. முள்ளு ஏறும்னு பாத்தா ஒரு கோடு இறங்கியிருக்கு மேடம்! இருந்ததை விட இன்னும் நல்லா ஆயிடுச்சு. நீங்க வீணாப் பயந்துட்டீங்க."

நேற்று கேட்ட நம்பரை இன்று அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். தனித்தனியாக ஒவ்வொரு கோடு ஏற வேண்டும். சேர்ந்தால் இரண்டு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை, ஒன்று இறங்கியிருக்கிறது. குறுக்கே மூன்று கோடு தின்றிருக்கிறது. நீராவிப் பக்கத்து இரண்டாம் வகைக்கெழு இரண்டு, கரைசல் பக்கத்து இரண்டு, பெருக்கினால் நான்கு. குறுக்கு மூன்றின் வர்க்கம் ஒன்பது. நான்கில் ஒன்பது போனால் எதிர்மறை ஐந்து.

"நிறுத்துடா!" என்று கத்தினேன். "குழிக்கு அடியில இருந்தா அப்புறம் இன்னும் எங்கடா இறங்கும்? அது குழியே இல்ல. நம்பர் கேட்டியே, இந்தா நம்பர். மைனஸ் அஞ்சு. நிறுத்து!"

"மேடம், ஒரு நிமிஷம், இன்னும் இறங்குது" என்றான் சந்தோஷமாக. யாரையோ பார்த்துச் சிரித்தான். போனை வைத்துவிட்டான்.

தம்பிக்கு அடித்தேன். அவன் போனைப் பெட்டியில் பூட்டிவைப்பவன், எடுக்கவில்லை. அவன் பெண்டாட்டியின் நம்பர் என்னிடம் இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருந்தது. இருந்தது. ஒரே மணியில் எடுத்தாள்.

"அண்ணி, இறங்குது" என்றாள். நான் வாயைத் திறக்கவே இல்லை. "எல்லாரும் கை தட்டினாங்க. சக்கரம் ரெண்டும் தானாச் சுத்துது. இந்த அளவுக்கு நாங்க திறந்ததே இல்ல. அண்டாவுல சத்தமே இல்ல அண்ணி. எனக்கு ரொம்ப பயமா இருக்கு."

"திருப்புங்கம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாத் திருப்பணும். ஒருத்தர் மட்டும் திருப்பினா முட்டி ஆடும். ரெண்டு பேரும், ஒரே நேரத்துல, பல்லு பல்லா, பழைய இடத்துக்கு."

"அவர் தொடமாட்டாரே. ரூலுன்னுவார்."

"நீ சொல்லு. நான் சொன்னா எதுத்துப் பேசுவான். நீ வாயைத் திறந்து சொன்னாக் கேப்பான்."

அப்புறம் என்னால் மறக்க முடியாத ஒன்றைக் கேட்டேன். அந்தக் கல்லுளிமங்கி கத்தினாள். அண்டா அறை முழுக்க எதிரொலிக்கிற மாதிரி, என் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "கையை வைங்க! சக்கரத்துல கையை வைங்க! நான் 'ம்' சொல்றப்போ ஒரு பல்லு!" என்று கத்தினாள். போன் எங்கோ விழுந்து உருண்டது. யாரோ "ஏய், ஏய், ரூலு!" என்று ஓடிவரும் சத்தம். பிறகு "ம்." பிறகு "ம்." இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. "ம்."

அலமாரியைப் பார்த்தேன். டம்ளர்கள் செத்த மாதிரி நின்றன. தண்ணீர்க் குழாயைக்கூட நான் மூடினேன், சொட்டும் சத்தம் காதை மறைக்கக் கூடாதென்று. ஓரத்து டம்ளர் லேசாக ஒரு தடவை இடித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம் சேர்ந்து, வழக்கமான அந்தக் கிணுகிணுப்பு, துணி சுற்றி அடக்கப் பார்த்தேனே அதே சனியன் பிடித்த சத்தம். நான் அலமாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை. என் தம்பியும் அவளும் உயிரோடு இருக்கிற சத்தம் அது.

முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். அவள் போனிலிருந்து.

"அக்கா, ஒண்ணும் ஆகல. கை மட்டும் எரியுது, சக்கரம் அவ்வளவு சூடு. இவளுக்கும்தான். நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திருப்பினோம்கா, நம்ப மாட்டே." அவன் குரலில் இன்னும் மூச்சு வாங்கிற்று. பிறகு கொஞ்சம் தயங்கினான். "ஆனா இங்க வேற மாதிரிப் பேசறாங்க. காகிதத்துல மெஷின் போட்ட கோட்டைக் காட்டறாங்க. மாப்பிள்ளை கை வச்சப்போ நடுக்கம் குறைஞ்சிருக்கு, நாங்க கை வச்சதும் ஏறியிருக்கு. கோட்டுல அப்படித்தான் தெரியுது, நான் என்ன சொல்றது? நடுக்கத்தை நாங்கதான் கூட்டிட்டோமாம். ரூலையும் மீறிட்டோமாம்."

"போனை மேனேஜர்கிட்ட குடு."

"பேசமாட்டேங்கறார். ஏன் செஞ்சீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணுமாம். நான் எழுதிட்டிருக்கேன். இவ எழுதமாட்டேன்னு உக்காந்திருக்கா. அண்ணி சொன்னது சரின்னு மட்டும் எழுதறேங்கறா."

"எங்கடா உக்காந்திருக்கீங்க?"

"மேனேஜர் ரூம்லதான். கண்ணாடி ரூம்."

"டேய், எழுந்து வெளிய வா. அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வா. வேலை போனாப் போகுது, காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு வாடா."

"கதவைச் சாத்தி ஆள் நிக்குதுக்கா. இரு, ரெண்டே வரிதான். மாப்பிள்ளையை மறுபடி ஓட்டப்போறாங்க, சக்கரத்துக்கு வேற ரெண்டு பேரு வந்துட்டாங்க, சின்ன வயசுக்காரங்க. கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கணும், எது நடந்தாலும் தொடக் கூடாதுன்னு மேனேஜர் சொல்லிட்டிருக்கார்." யாரோ அருகில் வந்து ஏதோ சொன்னார்கள். "போனை வாங்கறாங்கக்கா, எழுதிட்டு வந்து..."

அவ்வளவுதான். மறுபடி அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மேனேஜருக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஓரத்து டம்ளர் நின்றது.

நான் செருப்புக்கூட மாட்டவில்லை. படியில் இறங்கும்போது மிச்ச டம்ளர்களும் ஒவ்வொன்றாக அடங்குவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. தெருவில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தன. அண்டாவின் சத்தம் இல்லாத தெருவை யாரும் பார்த்ததே இல்லை. எதிர்வீட்டுக்காரி தன் மாமியாரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்து, "கேட்டீங்களா அத்தை, ஒரு சத்தமும் இல்ல" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அப்பாடா, ஆடவே இல்லையே" என்று என்னிடம் சொன்னார். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஆலையை நன்றாகப் பார்க்கலாம் என்று சிலர் அந்தப் பக்கமே நடந்தார்கள்.

"வராதீங்க! பின்னால போங்க!" என்று கத்தினேன். இந்த வாத்தியாரம்மாவுக்கு எப்போதும் கத்தல்தான் என்று யாரோ சிரித்தார்கள். தெருவில் எல்லோருமே சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.